ஓடைப் பூச்சியின் உடலில் மருந்தின் தடம்

பூச்சி மருந்து தெளித்த மறுநாள் மழை கொட்டினால், மருந்தும் கூலியும் வீணாயிற்றே என்று விவசாயி வருந்துவது வழக்கம். கழுவிப் போன மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. சமவெளியில் அது வாய்க்காலிலோ, வடிகாலிலோ, குட்டையிலோ போய்த் தேங்கும். மலையில் அது நேராக ஓடைக்கே போகும்.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று தேவனூர் நாடு. கொல்லிமலை விவசாயத்தின் அமைப்பு யாவரும் அறிந்ததே. மேட்டுச் சரிவில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகுக் கொடி, நிழலில் காப்பி, ஊற்று நீர் பாயும் பள்ளத்தில் நெல். முன்னர் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்களில் பெரும்பகுதி இப்போது மரவள்ளிக்கு மாறிவிட்டது. சாமைக்கு மருந்து தெளித்த வழக்கம் கிடையாது. பணப் பயிர்கள் வந்தபோது மருந்துப் புட்டியும் கூடவே மலை ஏறியது. மேட்டு நிலத்தில் தெளிக்கும் மருந்து, ஒரு மழையில் கீழே உள்ள ஊற்றையும் ஓடையையும் தொட்டுவிடக்கூடும். அந்த ஓடைகளில்தான் ஆடு மாடுகள் நீர் அருந்துகின்றன. மலை ஓடைகள் பல அய்யாற்றில் சேர்ந்து, ஆகாயகங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியே சமவெளிக்கும் இறங்குகின்றன.

ஓடையில் மருந்து கலந்ததா, இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நீர் தெளிவாகவே இருக்கும். வாடையும் இராது. இதனைக் கண்டறிய அறிவியலாளர்கள் கையாளும் வழிகளுள் ஒன்று, ஓடையில் வாழும் பூச்சிகளின் உடலையே சோதித்துப் பார்ப்பது. பூச்சியின் உடலில் உள்ள சில நொதிகள் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா என்று அளந்து, அது மருந்துக்கு ஆளானதா என்று தெரிந்து கொள்கிறார்கள். இத்தகைய நொதிகளுக்கு உயிர்வேதி அடையாளங்கள் என்று பெயர்.

நீரையே சோதித்தால் போதாதா?

நீரை எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது நல்ல முறைதான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. மலை ஓடையில் மருந்து எப்போதும் ஒரே அளவில் ஓடுவதில்லை. மழை வலுத்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் திரண்டு வந்து, அந்த வெள்ளத்தோடே போய்விடும். மறுநாள் புட்டியில் பிடிக்கும் நீரில் அது அகப்படாமல் போகலாம். மருந்துகள் பல வகை என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடவும் வேண்டும். அதற்குச் செலவும் அதிகம்.

ஓடைப் பூச்சியோ அங்கேயே குடியிருப்பது. வெள்ளம் வந்த இரவிலும் அது கல்லுக்கடியில்தான் இருந்தது. மருந்து நீரோடு போய்விட்ட பின்பும், பூச்சியின் உடலில் ஏற்பட்ட மாறுதல் பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. நீர்ச் சோதனை இன்றைய நிலையைச் சொல்லும். பூச்சியின் உடல் கடந்த சில நாட்களின் கணக்கைச் சொல்லும்.

கல்லுக்கடியில் வாழ்பவை

ஓடையில் கிடக்கும் தட்டையான கல் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் பல பூச்சிகள் ஒட்டிக் கொண்டிருக்கும். வாலில் இரண்டு அல்லது மூன்று மெல்லிய இழைகளுடன் தட்டை உடலாக ஓடும் இளம் பூச்சிகள் ஒரு வகை. சிறகு முளைத்தபின் ஓரிரு நாட்களே வாழ்பவை என்பதால் இவற்றை ஒருநாள் பூச்சிகள் என்பார்கள். மணலையும் சருகையும் பட்டு நூல் போன்ற இழையால் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் வாழும் புழுக்கள் இன்னொரு வகை. தட்டான் பூச்சியின் இளம் பருவமும் நீருக்குள்தான் கழிகிறது. சேறு தங்கும் இடங்களில் இரத்தச் சிவப்பாக நெளியும் மெல்லிய புழுக்கள், கடிக்காத ஒருவகைக் கொசுவின் புழுக்கள்.

இவற்றைப் பற்றிய ஆராய்ச்சி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. மதுரைக் கல்லூரியில் பணியாற்றிய கே. ஜி. சிவராமகிருஷ்ணன் முதலானோர் தென்னிந்திய மலை ஓடைகளின் ஒருநாள் பூச்சி இனங்களை ஆராய்ந்து வகைப்படுத்தினார்கள். எந்தப் பூச்சி தூய நீரில் மட்டும் வாழும், எது அழுக்கு நீரையும் தாங்கும் என்று தெரிந்தால், பூச்சிகளை எண்ணியே ஓடையின் நலத்தைச் சொல்லலாம்.

ஆனால் எண்ணிக்கை குறைந்தது தெரியும்போது பூச்சிகள் செத்து முடிந்திருக்கும். சாவதற்கு முன்பே பாதிப்பைக் கண்டுகொள்ள வேண்டுமானால் பூச்சியின் உடலுக்குள் பார்க்க வேண்டும்.

நரம்பில் நடப்பது என்ன?

பூச்சியானாலும், மீனானாலும், மாடானாலும், மனிதரானாலும் நரம்பு வேலை செய்யும் அடிப்படை ஒன்றே. ஒரு நரம்பின் முனைக்கும் அடுத்த நரம்புக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. செய்தி அந்த இடைவெளியைத் தாண்ட, அசிட்டைல்கோலின் என்ற பொருள் முதல் நரம்பிலிருந்து சுரந்து அடுத்ததைத் தொடுகிறது. தொட்டதும் செய்தி போய்விடுகிறது. உடனே அந்தப் பொருள் அகற்றப்பட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நரம்பு ஓயாமல் தூண்டப்பட்டுக் கொண்டே இருக்கும்.

அகற்றும் வேலையைச் செய்வது அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்னும் நொதி. இதன் ஒரு மூலக்கூறு ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை வெட்டித் தள்ளிவிடும். வயலுக்குப் பாய்ந்தது போதும் என்றதும் மடையை அடைக்கும் நீர்ப்பாய்ச்சியைப் போன்றது இந்த நொதி. அவர் கையைக் கட்டிப் போட்டால் வயல் மூழ்கிவிடும்.

ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள் செய்வது இதைத்தான். குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், டைமெத்தோயேட், மாலத்தியான், அசிபேட், புரோபனோபாஸ் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவை நொதியின் வெட்டும் பகுதியில் போய் ஒட்டிக் கொள்கின்றன. நாள் ஆக ஆக அந்தப் பிடி விடாப்பிடியாகிவிடும். பிறகு உடல் புதிய நொதியைச் செய்து கொண்டால்தான் மீட்சி. கார்போபியூரான், கார்போசல்பான் போன்ற கார்பமேட் மருந்துகளும் அதே இடத்தில்தான் ஒட்டுகின்றன. ஆனால் விரைவில் விட்டுவிடுகின்றன. பயிரைத் தின்னும் புழுவைக் கொல்லும் வழியும் இதுவே; ஓடையில் வாழும் பாவமறியாப் பூச்சியைக் கொல்லும் வழியும் இதுவே.

ஆகவே ஓடைப் பூச்சியின் உடலில் இந்த நொதியின் வேகம் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால், அது இவ்வகை மருந்துக்கு ஆளாகியிருக்கக்கூடும் என்பதற்கு வலுவான சாட்சி கிடைத்துவிடுகிறது.

மஞ்சள் நிறம் காட்டும் அளவு

நொதியின் வேகத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் முறை 1961ஆம் ஆண்டில் எல்மன் என்ற அமெரிக்க அறிவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்டது. அதன் செய்முறை சிக்கலானதன்று.

முதலில் ஓடையில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒன்று, சாகுபடி நிலங்களுக்கெல்லாம் மேலே, காட்டுக்குள் உள்ள பகுதி. மற்றது, நிலங்களைக் கடந்து வந்த கீழ்ப் பகுதி. இரண்டு இடங்களிலும் ஒரே இனப் பூச்சியை, ஒரே பருவத்தில், ஏறக்குறைய ஒரே அளவுள்ளதாகப் பிடிக்க வேண்டும். ஏனெனில் இனத்துக்கு இனம், வயதுக்கு வயது நொதியின் அளவு மாறும். நீரின் வெப்பம் மாறினாலும் மாறும். பிடித்தவுடன் உறை குளிரில் வைத்துவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் நொதி கெட்டு, மருந்தே படாத பூச்சியும் மருந்து பட்டது போலக் காட்டும்.

ஆய்வுக்கூடத்தில் பூச்சிகளைக் குளிர்ந்த கரைசலில் அரைத்து வடித்து எடுப்பார்கள். அந்தச் சாற்றில் அசிட்டைல்கோலினைப் போன்ற, கந்தகம் சேர்ந்த ஒரு பொருளை விடுவார்கள். நொதி அதனை வெட்டும். வெட்டியதில் பிரியும் துண்டு, கூடவே சேர்த்துள்ள மற்றொரு இரசாயனத்துடன் கலந்து மஞ்சள் நிறமாகும். நிறம் விரைவாக ஏறினால் நொதி நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். மெதுவாக ஏறினால் நொதியின் கை கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். நிறம் ஏறும் வேகத்தை ஒளி அளக்கும் கருவி கணக்கிட்டுச் சொல்லிவிடும். பூச்சி பெரியதா சிறியதா என்ற வேறுபாடு குறுக்கிடாதிருக்க, சாற்றிலுள்ள புரத அளவையும் கண்டு, அதற்கு ஏற்ப வகுத்துக் கொள்வார்கள்.

உதாரணமாக, மேல் ஓடைப் பூச்சியில் வேகம் 100 என்று வைத்துக் கொண்டால், கீழ் ஓடைப் பூச்சியில் 62 இருக்கிறது என்று கொள்வோம். குறைவு 38 சதவிகிதம். ஒரே ஒரு பூச்சியை வைத்து இதனை முடிவு செய்யக்கூடாது. பல பூச்சிகளைச் சோதித்து, மேல் ஓடையில் இயற்கையாகவே உள்ள ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் கொண்டுதான் சொல்ல வேண்டும்.

எத்தனை சதவிகிதம் குறைந்தால் ஆபத்து? பறவைகளின் மூளையைச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள் 1975ஆம் ஆண்டில் ஓர் அளவை வகுத்தார்கள். 20 சதவிகிதம் குறைந்தால் மருந்துக்கு ஆளானது என்றும், செத்த பறவையில் பாதிக்கு மேல் குறைந்திருந்தால் மருந்தே சாவுக்குக் காரணம் என்றும் கொள்ளலாம் என்பது அது. பூச்சிகளுக்கு இதனை அப்படியே பொருத்த முடியாது. சில பூச்சிகள் பெரும் குறைவையும் தாங்கி உயிரோடு இருக்கும். ஆனால் உயிரோடிருப்பது மட்டும் நலம் ஆகாது. நரம்பு தளர்ந்த பூச்சியால் கல்லைப் பற்றிக் கொள்ள முடியாமல் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும், இரை தேட முடியாது, தானே இரையாகும்.

கனடா நாட்டு ஆய்வாளர்கள் டேயும் ஸ்காட்டும் இதே கேள்வியை ஓடைவாழ் உயிர்களில் ஆராய்ந்து 1990ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கொல்லாத அளவு குறைந்த மருந்தின் பாதிப்பையும் இந்த நொதியைக் கொண்டு அறியலாம் என்பதற்கு அடித்தளம் இட்ட ஆய்வுகளுள் அது ஒன்று.

இந்தச் சோதனைக்கு அகப்படாதவை

எல்லா மருந்தையும் இந்த ஒரு நொதி காட்டிக் கொடுத்துவிடாது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் நரம்பை வேறு வழியில் தாக்குகின்றன. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் ஆகியவை நொதியைத் தொடாமல், அசிட்டைல்கோலின் போய்ச் சேரும் இடத்தையே பிடித்துக் கொள்கின்றன. 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்திய எண்டோசல்பானும் வேறு வகை. இவற்றால் பூச்சி செத்துக் கொண்டிருந்தாலும் எஸ்டரேஸ் அளவு சரியாகவே இருக்கக்கூடும்.

இமிடாகுளோபிரிட் நீர்வாழ் பூச்சிகளுக்குச் சாதாரணமானதன்று. ஒருநாள் பூச்சிகளின் இளம் பருவத்துக்கு அது மிகச் சிறு அளவிலும் கேடு செய்யும். நெதர்லாந்து நாட்டில், நீரில் இம்மருந்து கூடிய இடங்களில் நீர்வாழ் சிற்றுயிர்கள் குறைந்திருப்பதை 2013ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார்கள். 2018ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இம்மருந்தையும் இதே வகையைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்த வெளிப் பயிர்களில் தெளிக்கத் தடை விதித்தது.

ஆகவே ஆய்வாளர்கள் ஒரே அடையாளத்தை நம்புவதில்லை. நஞ்சை முறித்து வெளியேற்றும் நொதிகள் வேறு சில உண்டு. குளூட்டாதையோன் டிரான்ஸ்பெரேஸ் என்பது அவற்றுள் ஒன்று. நஞ்சு உள்ளே புகுந்தால் பொதுவாக இதன் வேலை கூடும். உடலின் கொழுப்பு சிதைவதையும் அளக்கலாம். இவை மருந்துக்கு மட்டுமின்றி உலோகக் கலப்புக்கும், வெப்பத்துக்கும், பட்டினிக்கும் மாறும் என்பதால், பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்து, நீர்ச் சோதனையோடும் பூச்சிகளின் எண்ணிக்கையோடும் ஒப்பிட்டே முடிவுக்கு வருகிறார்கள்.

தெளிப்பவர் உடலிலும் அதே நொதி

ஓடைப் பூச்சியைப் பற்றிய இந்தச் செய்தி விவசாயியின் உடலைப் பற்றியதும் ஆகும். பூச்சியின் நரம்பில் உள்ள அதே வேலையைச் செய்யும் நொதி தெளிப்பவரின் நரம்பிலும், இரத்தச் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. முதுகில் கசியும் ஸ்பிரேயர், நனைந்த சட்டை, வெறுங்கையால் மருந்து கலக்குதல், எதிர்க்காற்றில் தெளித்தல் ஆகியவற்றால் மருந்து தோல் வழியாகவே உடலில் ஏறும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இவ்வகை மருந்தைக் கையாளும் தொழிலாளர்களின் இரத்தத்தில் இந்த நொதியைச் சோதிக்கும் ஏற்பாடு 1974ஆம் ஆண்டு முதல் உண்டு. மருந்தைத் தொடாத காலத்தில் முதலில் ஓர் அளவு எடுத்துக் கொள்வார்கள். பின்னர் எடுக்கும் அளவு அதில் 80 சதவிகிதத்துக்குக் கீழே போனால் வேலை செய்யும் முறையைச் சோதிப்பார்கள். சிவப்பணுக்களில் 70 சதவிகிதத்துக்கு இறங்கினால் அந்தத் தொழிலாளியை மருந்து வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். ஓடைக்கு மேல் பகுதி எப்படியோ, அப்படியே மனிதருக்கு அந்த முதல் அளவு.

தெளித்த பின் மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறல், கண்ணில் நீர் வடிதல், பார்வை மங்கல், வாந்தி, வயிற்றுப் போக்கு, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது கண்டாலும் வெயில் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. உடையைக் களைந்து, உடலைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மருந்துப் புட்டியின் லேபிளைத் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும். இந்த வகை மருந்துக்கு மாற்று மருந்துகள் உண்டு. அட்ரோபின் ஊசி, தேங்கிய அசிட்டைல்கோலினின் கொடுமையைத் தணிக்கும். பிராலிடாக்சிம், மருந்தின் பிடி இறுகுமுன் கொடுத்தால், நொதியை விடுவிக்கும். நேரம் தவறினால் பயன் குறையும். மலையிலிருந்து இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டியிருப்பதால், கொல்லிமலை விவசாயி தாமதிக்கவே கூடாது.

மலை விவசாயிகள் செய்யக்கூடியவை

நொதியை அளப்பது ஆய்வுக்கூட வேலை. ஆனால் ஓடையைக் கவனிப்பது யாராலும் ஆகும். சாகுபடி நிலத்துக்கு மேலேயும் கீழேயும் ஓடையில் பத்துப் பத்துக் கற்களைப் புரட்டிப் பார்த்து ஒப்பிடலாம். மேலே நிறைய இருக்கும் வால் இழைப் பூச்சிகளும் கூடு கட்டும் புழுக்களும் கீழே அறவே இல்லையென்றால் சந்தேகிக்க இடமுண்டு. தெளித்த மறுநாளோ, மழைக்குப் பின்போ பூச்சிகள் கூட்டமாக மிதந்து வந்தால் உடனே கவனிக்க வேண்டும். நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, வேளாண்மைத் துறைக்கோ தெரிவிக்கலாம். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஓடையில் பூச்சி இருப்பதனாலேயே அந்த நீர் குடிக்கத் தகுந்தது ஆகிவிடாது.

மருந்து ஓடையில் சேராதிருக்கக் கீழ்க்கண்டவை உதவும்:

ஸ்பிரேயரையும் வாளியையும் ஓடையிலோ ஊற்றிலோ கழுவக் கூடாது. காலிப் புட்டியை மூன்று முறை அலசி, அலசிய நீரை ஸ்பிரேயரிலேயே ஊற்றி நிலத்தில் தெளித்துவிட வேண்டும்.

மேகம் கூடி மழை வரும் அறிகுறி இருந்தால் தெளிப்பதைத் தள்ளிப் போட வேண்டும்.

ஓடைக் கரையை ஒட்டிச் சில மீட்டர் அகலத்துக்கு உழாமல் புல்லோ, வெட்டிவேரோ விட்டு வைக்க வேண்டும். குளோர்பைரிபாஸ் போன்றவை மண்ணோடு ஒட்டிச் செல்பவை. மண் அரிப்பைத் தடுத்தால் மருந்தும் பெருமளவு நின்றுவிடும். டைமெத்தோயேட் போன்றவை நீரில் கரைந்து போகும். அவற்றைப் புல்லால் முழுதும் தடுக்க முடியாது. கரை ஓரத்தில் தெளிக்காதிருப்பதே வழி.

தடை செய்த மருந்தை வாங்கக் கூடாது. மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு ஆணைப்படி மீதைல் பாரத்தியான், டயாசினான், பென்தியான் ஆகியவை தடை செய்யப்பட்டன. போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ், பாஸ்பாமிடான் ஆகியவற்றுக்கு 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிவு கட்டப்பட்டது. இவை யாவும் மேலே சொன்ன நொதியைத் தாக்குபவையே. பழைய புட்டி வீட்டில் கிடந்தாலும் பயன்படுத்தலாகாது.

மருந்தில்லா வழி இருக்கும்போது அதையே முதலில் நாட வேண்டும். மரவள்ளி மாவுப்பூச்சி இதற்கு நல்ல உதாரணம். ஆப்பிரிக்காவில் பெருநாசம் விளைத்த இந்தப் பூச்சி 2020ஆம் ஆண்டில் கேரளத்தில் காணப்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் பகுதி மரவள்ளியையும் தாக்கியது. பலர் மருந்தை மாற்றி மாற்றித் தெளித்தார்கள். மெழுகுப் பொடி போர்த்திய அந்தப் பூச்சிக்கு மருந்து எளிதில் எட்டவில்லை. ஆப்பிரிக்காவில் 1981ஆம் ஆண்டு முதல் இதை அடக்கியது ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி. அனகைரஸ் லோபெசி என்ற அந்தக் குளவியை பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கியது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அழிக்கும் இந்தக் குளவி நிலைத்துப் பெருக வேண்டுமானால், அந்த வயலில் பூச்சி மருந்து தெளிக்காதிருக்க வேண்டும். தெளித்தால் மாவுப்பூச்சி பிழைக்கும், குளவி சாகும்.

நடவுக்கு மாவுப்பூச்சி இல்லாத குச்சிகளையே தேர்ந்தெடுப்பதும், தாக்கிய நுனிகளைத் தொடக்கத்திலேயே கிள்ளி அழிப்பதும் செலவில்லாத வழிகள்.

மேட்டில் நிலம் வைத்திருப்பவர் தெளிப்பது பள்ளத்தில் நெல் நட்டிருப்பவரின் நீரிலும், அவருக்குக் கீழே உள்ள ஊரின் நீரிலும் சேர்கிறது. ஆதலால் ஓர் ஓடையை நம்பிய விவசாயிகள் அனைவரும் கூடிப் பேசி, என்ன மருந்து, எப்போது, கரையிலிருந்து எவ்வளவு தூரம் விட்டுத் தெளிப்பது என்று கட்டுப்பாடு செய்து கொள்வது நல்லது. ஒருவர் மட்டும் கடைப்பிடித்தால் ஓடை தேறாது.